கங்காபல் கரையில் ஒரு பகல்

ராயபுரத்து வாசிகளாகிய நமக்கு நீர் என்றால் கடல். இல்லையேல் குழாயடி, தண்ணீர் லாரி. மலைமேல் ஏரி என்பதைப் படத்தில் பார்த்ததோடு சரி. வாசகர்களே! காஷ்மீர் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டினால், தால் ஏரியில் படகேறிய திருப்தியோடு திரும்பிவிடாதீர்கள்.

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், கந்தர்பல் மாவட்டத்தில் நாராநாக் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து முதல்நாள் ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். துருங்கோல் புல்வெளியில் இரவு தங்கிவிட்டால், மறுநாள் நந்த்கோல், கங்காபல் என்னும் இரட்டை ஏரிகளை நிதானமாகக் கண்டு மாலைக்குள் திரும்பலாம். 2023 ஜூலையில் நாங்கள் அவ்வாறே சென்றோம்.

வழிகாட்ட வந்தவர் ஒரு பக்கர்வால் முதியவர். குளிர்காலத்தை ஜம்முவின் தாழ்நிலங்களிலும், கோடையை இம்மேய்ச்சல் நிலங்களிலும் கழிக்கும் முஸ்லிம் இடையர்கள் இவர்கள். 1991இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். முதியவரோடு அவருடைய நாயும் புறப்பட்டது. அடர்ந்த உரோமம், கன்றுக்குட்டி போன்ற உருவம்! உடன் வந்த இளைஞர்கள் ஆடையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினர்.

நம் வீடுகளிலும் இதுதான் வழக்கம். ஆனால் சட்டம் சொல்வதென்ன? ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவவேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். இரு பக்கமும் உலர்ந்திருந்தால் கழுவவேண்டியதில்லை. மந்தையைக் காக்க நாய் வளர்ப்பதற்கோ மார்க்கத்தில் தடையே இல்லை. குகைவாசிகளோடு ஒரு நாய் இருந்ததைக் கஹ்ஃபு அத்தியாயத்தில் வெள்ளிதோறும் ஓதுகிறோம். தெருவில் கண்டால் கல்லைத் தேடுகிறோம்! சிறுத்தையும் கரடியும் உலவும் அம்மலையில், நாயின்றி ஒரு குடும்பத்தின் ஆடுகள் ஓரிரவு தப்புவது அரிது.

ஹரமுக் சிகரத்தின் (5,142 மீட்டர்) அடிவாரத்தில், ஏறத்தாழ 3,570 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது கங்காபல். பனியுருகிய நீர், வானைவிட ஆழ்ந்த நீலம். அது நந்த்கோலில் இறங்கி, வாங்கத் ஓடையாகிச் சிந்து என்னும் கிளையாற்றில் கலந்து ஜீலத்தை அடைகிறது. (பெரிய சிந்து நதி வேறு.) எண்ணூர்க் கழிமுகத்தின் எண்ணெய்ப் படலத்தை 2023 டிசம்பரில் கண்டபோது, இந்நீர்தான் என் கண்முன் நின்றது.

உளூச் செய்ய இறங்கிய முதியவர் கையசைத்தார். நாய் பத்தடி தள்ளிப் பாறைமேல் அமர்ந்தது. லுஹர் முடியும்வரை அது அசையவில்லை. முகம் மட்டும் மேய்ச்சல் சரிவை நோக்கியே இருந்தது. தொழுகை முடிந்ததும் தம் ரொட்டியில் பாதியை அவர் அதற்குத்தான் முதலில் எறிந்தார்.

போகுமுன் அனுமதி நிலவரத்தை ஸ்ரீநகரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் கம்பளியும் அவசியம். ஏற முடியாதோருக்கு நாராநாக்கில் குதிரை கிடைக்கும். ரொட்டி மட்டும் சற்றுக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள்.