எண் இல்லாத கணக்கு

"கூட்டலா டீச்சர், கழித்தலா?"

மூன்றாம் வகுப்பில் வாழ்க்கைக் கணக்கு தொடங்கினாலே இந்தக் கேள்விதான். கேட்கிற பிள்ளைக்கு இரண்டும் தெரியும். பலகையில் 42 – 17 என்று எழுதினால் கடன் வாங்கிக் கழித்துவிடும். அதே எண்கள் வாக்கியத்துக்குள் போனால் முழிக்கும்.

இதற்குப் பள்ளிகளில் ஒரு குறுக்குவழி உண்டு: 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி, 'அதிகம்' வந்தால் கூட்டு. தேர்வு நேரத்தில் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் இதைப் பாருங்கள்: "ரவியிடம் 8 கோலிகள் உள்ளன. இது மாலாவிடம் உள்ளதைவிட 3 அதிகம். மாலாவிடம் எத்தனை?" 'அதிகம்' கண்ணில் பட்டதும் பாதி வகுப்பு 11 என்று எழுதிவிடும். 'இது' யாருடைய கோலி என்று நின்று பார்த்த பிள்ளைதான் 5 என்று எழுதும்.

தமிழில் உருபு ஒன்றே கணக்கைத் திருப்பிப் போட்டுவிடும். "மாலாவுக்கு ரவி 5 கொடுத்தான்." "மாலா ரவிக்கு 5 கொடுத்தாள்." மாலாவுக்கு முதலாவது வரவு, இரண்டாவது செலவு. கடகடவென்று வாசிக்கிற பிள்ளை அந்தக் 'க்கு'வை விழுங்கிவிடுகிறது; 'நன்றாக வாசிக்கிறானே' என்று நாமும் ஏமாந்துபோகிறோம். போதாததற்கு, வீட்டில் 'ரவிகிட்ட', 'பாக்கி'. புத்தகத்தில் 'ரவியிடம்', 'எஞ்சியவை'.

டாம் ஹட்சன் என்ற ஆய்வாளர் 1983இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிடிக்கும். பறவைகளும் புழுக்களும் உள்ள படத்தைக் காட்டி, "புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?" என்று கேட்டபோது சிறு பிள்ளைகள் பலர் தடுமாறினார்கள். "எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது?" என்று மாற்றிக் கேட்டதும் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். படம் அதேதான், எண்ணும் அதேதான்.

அதனால் நான் கணக்கை முதலில் எண்ணே இல்லாமல்தான் எழுதிப்போடுவேன். "கடையில் கொஞ்சம் மாம்பழம் இருந்தது. காலையில் சில விற்றுப்போயின. மாலையில் இன்னொரு கூடை வந்தது."

"நம்பரே இல்லையே டீச்சர்!"

"இருக்கட்டும். என்ன நடந்துச்சு, சொல்லு."

கதையைச் சொந்த வார்த்தையில் சொல்வார்கள். பிறகு, "இப்போ கடையில காலையில இருந்ததைவிட அதிகமா, கம்மியா?" என்று கேட்பேன். 'இன்னொரு கூடை' என்ற துணிச்சலில் பலர் "அதிகம்" என்று கத்துவார்கள். யாராவது ஒருத்தி, "வித்தது எவ்வளவு, வந்தது எவ்வளவுன்னு தெரியாம எப்படி டீச்சர் சொல்றது?" என்பாள்.

அதற்குப் பிறகுதான் எண்களை எழுதுவேன். ஒரு பாடவேளையில் இரண்டு கணக்குக்கு மேல் ஓடாது.