நாய் கொண்டுவந்திருக்கிறீர்களா?

ஏவிமோரில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்து நெத்தி பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தேன். (நம் நெற்றிக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்லை.) விடுதிக்கார அம்மாள் சாவி தருவதற்கு முன்பே, "நாய் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. கேப்பர்கேலி பார்க்க வந்தேன் என்றதும் சுருங்கிவிட்டது.

அந்த ஊரை ஒட்டித்தான் ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மலையடிவாரத்து அபெர்னெத்திக் காடு. கேப்பர்கேலி நம் கௌதாரிக்குத் தூரத்து உறவு. கிரௌஸ் என்ற பறவை இனத்திலேயே பெரியது. சேவல் சுமார் 4 கிலோ இருக்கும், பெட்டை அதில் பாதி. கேலிக் மொழியில் 'காட்டுக் குதிரை' என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். ஏப்ரல், மே விடியலில் சேவல்கள் ஓரிடத்தில் கூடி, வாலை விசிறிப் பாடும். பாட்டென்றால் என்ன பாட்டு! சொடக்குப் போடுவதுபோல் தொடங்கி, புட்டியின் தக்கையைப் பிடுங்கிய 'டொப்', பிறகு கத்தி தீட்டும் கரகரப்பு. அந்தக் கரகரப்பின்போது சேவலுக்குக் காது கேட்காது.

அதைப் பார்க்கத்தான் மே மாதத்தில் போயிருந்தேன். சேவல்கள் கூடும் இடத்தில் தொந்தரவு செய்வது அங்கே சட்டப்படி குற்றம் என்றார் அம்மாள். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் அடியோடு அழிந்து, 1837-ல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்ட வம்சம் இது. 1970-களில் சுமார் 20,000 ஆகப் பெருகியது. 2021-22 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 542. வெட்கமாக இருந்தது. விடியற்காலைக்கு வைத்திருந்த அலாரத்தை அணைத்தேன்.

மறுநாள் வெயிலேறிய பிறகு பாதையோடு நடந்தேன். வானளாவிய பைன் மரங்களின் கீழே முழங்கால் உயர பிளேபெரிப் புதர். குஞ்சுகளுக்கு அதிலுள்ள புழுக்கள்தான் சாப்பாடு. ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் நனைந்து விறைத்துச் சாகும். பைன் கன்றுகளை மான் மேயாமலிருக்க வேலி போட்டார்கள். தாழப் பறக்கும் கேப்பர்கேலி அந்தக் கம்பியில் மோதிச் செத்தது. காட்டை வளர்க்கப் போட்ட வேலி! இப்போது பறவையின் கண்ணில் படும்படி கம்பியில் மரச்சட்டங்களைச் செருகியிருக்கிறார்கள்.

பாதையோரப் பைன் ஒன்றின் அடியில் சுருட்டுத் துண்டுகள்போல் ஏதோ கிடந்தது. ஒன்றை எடுத்துக் கிள்ளினேன். உள்ளே முழுக்கப் பைன் ஊசியிலைத் துணுக்கு. குளிர்காலமெல்லாம் அதைத் தின்றே பிழைக்கும் பறவையின் எச்சம். நான் கண்ட கேப்பர்கேலி அவ்வளவுதான்.

நீங்கள் போனால் ஏப்ரல், மே விடியலில் காட்டுக்குள் நுழையாதீர்கள். மற்ற நாட்களிலும் பாதையை விட்டு இறங்க வேண்டாம். முட்டை தரையில் இருக்கும். நாய் இருந்தால் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்.