காலைப் பார்த்து அடிப்பவர்கள்

உருமி மேளத்தின் இடப்பக்கத் தோலை அடிப்பதில்லை, தேய்ப்பார்கள். வளைந்த குச்சியின் நுனி தோலை அழுத்திக்கொண்டு இழுபடும்போதுதான் அந்த உறுமல் கிளம்புகிறது. வலப்பக்கத்துக்கு மெல்லிய நேர்குச்சி. இரண்டு கைக்கும் இரண்டு வேலை. மலாக்கா மாநிலத்தில் ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து அம்மன் கோயிலில், திருவிழாவுக்கு முந்தின மாலை இதை அருகில் நின்று பார்த்தேன்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். குழுவின் மூத்தவர் தேங்காய் மட்டையைக் கொளுத்தி, அனலில் தோலைக் காட்டிக்கொண்டிருந்தார். விரலால் சுண்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி அனல். கடைசியில் நடுக்கயிற்றை இறுக்கினார். குழுவில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். இப்போது ஒருவரும் அங்கே இல்லை. குடியிருப்பு டவுனை ஒட்டிய தாமான்களில், பிழைப்பு தொழிற்சாலையிலும் லாரியிலும். கோயில் மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது.

மலாயாவில் வியாபாரத்துக்காக முதலில் ரப்பர் நட்ட இடங்களில் இந்த மாநிலமும் ஒன்று. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பிறகு புக்கிட் ஆசகானில் பெரிய தோட்டமாக விரித்தார். மாநிலமெங்கும் தோட்டங்கள் பெருகின. பால்வெட்ட வந்த தமிழர்கள் லயத்துப் பக்கத்திலேயே மாரியம்மனையும் முனியாண்டியையும் குடிவைத்தார்கள். அந்தச் சாமிகளை அழைக்க உடுக்கையும் உருமியும் வேண்டியிருந்தன.

“எதப் பாத்துண்ணே வேகத்த மாத்துறீங்க?” என்று மூத்தவரிடம் கேட்டேன்.

“காலப் பாத்துத்தான் தம்பி. மூஞ்சியப் பாத்தா ஏமாந்துருவோம்.”

மறுநாள்தான் விளங்கியது. பால்குடம் ஏந்தி வந்த அம்மா ஒருவருக்குச் சாமி வந்தது. முதலில் குதிகால் நடுங்கியது. உருமி நீளமாக இழுத்து இழுத்து உறுமியது. பாதம் தரையைத் தட்டத் தொடங்கியதும் வலக்குச்சி சேர்ந்துகொண்டது. அவர் சுழன்றார். குடத்தைப் பிடிக்க இரண்டு பெண்கள் ஓடினார்கள். மூத்தவர் அவருடைய முழங்காலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முழங்கால் துவளப்போகிற நேரத்தில் அடியைத் தளர்த்தினார். வேகம் படிப்படியாக இறங்கியது, சாமியும் மலையேறியது. அந்த அம்மா கீழே விழவில்லை. இது எந்த நோட்டிலும் எழுதிப் படிக்கிற பாடம் அல்ல.

சுழற்சியை நான் வேறோர் இடத்திலும் பார்த்திருக்கிறேன். இஸ்தான்புல்லின் கலதாவில் 1491இல் எழுந்த மெவ்லவி சூஃபி மடம் இன்று அருங்காட்சியகம். வெள்ளை அங்கிக்காரர்கள் இடக்காலை அச்சாக ஊன்றி, வலது உள்ளங்கை வானத்தையும் இடது உள்ளங்கை மண்ணையும் பார்க்கச் சுழல்வார்கள். நெய் என்னும் நாணல் குழலும் குதும் என்னும் சிறு முரசும் ஒலிக்கும். துருக்கி அரசு 1925இல் சூஃபி மடங்களையெல்லாம் மூடியது. கொன்யாவில் சூஃபிக் கவிஞர் ரூமி அடங்கிய மடம் 1927இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 1950களில் ஆண்டு நினைவுவிழா நிகழ்ச்சியாகச் சுழற்சி திரும்பி வந்தது, 2008இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. வந்தனையாக இருந்தது டிக்கெட் வாங்கிப் பார்ப்பதாகவும் ஆயிற்று. அந்தக் கலைஞர்களை நான் குறைசொல்லவில்லை. நிலை தப்பாமல் சுழல்வதற்கே அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி. ஆனால் எந்த இடத்தில் முடிப்பது என்று அங்கே குழல் வாசிப்பவருக்கு முன்பே தெரியும். உருமிக்காரருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையோடு வாசிப்பதுதான் அவர் தொழில்.

உருமிக்கு எதிர்ப்பும் உண்டு. சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியத்துக்குத் தடை இருந்தது. 2016இல்தான் வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. மலேசியாவில் உருமிக் குழுக்கள்மேல் சொல்லப்படும் குற்றம், சினிமா மெட்டு அடிக்கிறார்கள் என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை, நானே கேட்டுக் காதைப் பொத்தியிருக்கிறேன். அதற்காகக் குழுவை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் பதிவைப் போடுவது மருந்தாகாது. பதிவு யார் காலையும் பார்க்காது.

குழுவின் இளைஞர்களுக்கு வேறு கவலை. பேசிய பணம் சில இடங்களில் மாதக்கணக்கில் இழுபடுகிறது என்றார்கள். தோல் மாற்றுகிற செலவு கைக்காசில் போகிறது. ஒருவருக்கு ஒரு காதில் எப்போதும் இரைச்சல். அடைப்பான் வைத்துக்கொள்ளலாமே என்றேன். சிரித்தார்கள்.

மாசி மகத்தன்று மலாக்கா நகரின் துக்காங் எமாஸ் வீதிப் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து ரதம் கிளம்பி, செங் சன்னாசிமலைக்குப் போகும். காவடிகளும் உருமிகளும் அங்கே திரளும். போகிறவர்கள் ஓரமாக நின்று, உருமிக்காரரின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். குழுவை அழைக்கும் கோயில் கமிட்டியாருக்கும் ஒரு வேண்டுகோள். அவர்களைக் கடைசிப் பந்தியில் உட்காரவைக்காதீர்கள், பேசிய பணத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.