கேமரா மட்டும் திரும்பி வந்தால்



இந்த வாரம் ஒரு பேய்ப்படத்தைக் குறித்து எழுதுகிறேன். போதகருக்கு இது தேவையா என்று சபையின் மூப்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் நம்முடைய வாலிபர்கள் பார்ப்பதை நாம் பாராமல் இருந்துகொண்டு அவர்களுக்குப் புத்திசொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஏனாத்தூரில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி, வாலிபர் கூடுகை முடிந்தபின் என்னிடம் வந்தார். விடுதி அறையில் நண்பர்களோடு கைப்பேசியில் ஒரு படம் பார்த்தாராம். அதன்பின் மூன்று இரவுகள் விளக்கை அணைக்காமல் படுத்தாராம். "ஐயா, அது கதைதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பயம் போகமாட்டேன் என்கிறதே, ஏன்?" என்று கேட்டார். பார்க்கலாமா கூடாதா என்று அவர் கேட்கவில்லை; ஏன் என்றே கேட்டார். அதற்கு விடை சொல்ல வேண்டுமென்றால் அந்தப் படத்தை நானும் பார்க்கவேண்டியிருந்தது.

2025 மார்ச்சில் வெளியான 'மர்மர்' அது. ஹேம்நாத் நாராயணன் இயக்கியது. யூடியூப் நடத்தும் இளைஞர் சிலர் கேமராக்களோடு ஜவ்வாது மலைக் காட்டிற்குள் போகிறார்கள். அங்கே சப்த கன்னியரைப் பற்றியும் ஒரு பேயைப் பற்றியும் வழங்கும் கதைகளைப் பதிவுசெய்வது அவர்கள் நோக்கம். அவர்களுடைய கேமராவில் பதிந்ததுதான் நாம் காணும் படம். இவ்வகைப் படத்தை 'ஃபவுண்ட் ஃபூட்டேஜ்' என்கிறார்கள். கண்டெடுக்கப்பட்ட காணொளி என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் என்ன ஆனார்களோ, அவர்கள் எடுத்த பதிவு மட்டும் நம் கைக்குக் கிடைத்தது என்ற பாவனையில் இவை அமைகின்றன.

பெரிய செலவில் எடுக்கப்படும் பேய்ப்படங்களில் இசை நம்மை முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறது. வீணையோ வயலினோ கிறீச்சிட்டால் ஏதோ வரப்போகிறது என்று அறிந்து கண்ணை மூடிக்கொள்ளலாம். இங்கே அந்தத் தயவு இல்லை. கையில் பிடித்த கேமரா நடையோடு சேர்ந்து ஆடுகிறது. டார்ச் வெளிச்சம் எட்டுகிற வட்டத்திற்குள் நாலு மரங்கள். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. சருகு மிதிபடுகிற ஓசை, மூச்சிரைப்பு, "யாருடா அங்க?" என்ற குரல். பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னை அறியாமலே நானும் அந்த வட்டத்திற்கு வெளியே உற்றுநோக்கிக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றும் இல்லாத இடத்தில்தான் என் கண் நின்றது. ஐம்பது வயதைக் கடந்து, எத்தனையோ மரண வீடுகளில் இரவெல்லாம் விழித்திருந்த எனக்கும் முதுகுத்தண்டு சிலிர்த்தது என்பதை மறைப்பானேன்?

(ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அதே ஜவ்வாது மலையின் காவலூருக்குத்தான், நல்ல இருட்டு வேண்டுமென்று தேடி, வானியலாளர் வைணு பாப்பு தொலைநோக்கிகளைக் கொண்டுபோனார். 1977இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென்று கண்டவர்களில் காவலூரில் விழித்திருந்தவர்களும் உண்டு. இருட்டு ஒன்றே, அதற்குள் எதைத் தேடிப் போகிறோம் என்பதில்தான் வேறுபாடு.)

அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இவ்வகைப் படங்களுக்கு உலகெங்கும் பேர் வாங்கித் தந்தது 1999இல் வந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' என்ற அமெரிக்கப் படம். மேரிலாந்து காட்டில் ஏறக்குறைய எட்டே நாளில், மிகச் சொற்பச் செலவில் அதைப் படம்பிடித்தார்கள். வசூலோ 24 கோடி டாலருக்கு மேல். கடைசிவரை அதில் சூனியக்காரியின் உருவம் ஒருமுறைகூடத் தெரிவதில்லை. பேயைக் காட்டாத படத்திற்கு இத்தனைபேர் ஏன் நடுங்கினார்கள்? நடித்த மூவரும் காணாமற்போனவர்கள் என்று சுவரொட்டி அடித்து விளம்பரம் செய்திருந்தார்கள். பலர் அதை நம்பினார்கள். நடிகையின் தாயாருக்கு இரங்கற்கடிதங்கள்கூட வந்தனவாம்.

அதற்கும் முன்னால், 1980இல், இத்தாலியில் ருகெரோ டியோடாட்டோ என்பவர் இதே பாணியில் எடுத்த படம் நீதிமன்றம்வரை போயிற்று. அது கொடூரமான படம்; ஒருவரும் அதைத் தேடிப் பார்க்க வேண்டாம். அதில் நடித்தவர்களை மெய்யாகவே கொன்றுவிட்டார் என்ற சந்தேகம் இயக்குநர்மேல் விழுந்தது. படம் உண்மைபோல் தோன்றவேண்டும் என்பதற்காக, ஓராண்டுக்கு எந்த ஊடகத்திலும் தலைகாட்டக் கூடாது என்று நடிகர்களிடம் அவரே ஒப்பந்தம் வாங்கியிருந்தார். அவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்று காட்டிய பிறகே அந்தச் சந்தேகம் நீங்கியது.

கவனித்தீர்களா? இந்தப் படங்கள் கதை சொல்வதுபோல் நடிப்பதில்லை. சாட்சி சொல்வதுபோல் நடிக்கின்றன. கதை என்றால் நம் மனம் சற்றே விலகி உட்கார்ந்து கேட்கும். சாட்சி என்றால் நிமிர்ந்து உட்காரும். மனுஷனை அப்படித்தான் தேவன் உண்டாக்கியிருக்கிறார். "நான் கண்டேன்" என்று ஒருவன் சொல்லும்போது செவிகொடுக்காமலிருக்க நம்மால் இயலாது. தம்பிக்குக் கதையென்று தெரிந்தும் பயம் போகாததற்கு அவருடைய விசுவாசக் குறைவு காரணமன்று என்று அவரிடம் சொன்னேன். சாட்சியை மதிக்கும்படி அமைந்த ஒரு நல்ல கருவியைத்தான் அந்தப் படம் பொய்யாய் மீட்டியது. ஆனால் அந்தச் சாட்சியில் ஓர் ஓட்டை உண்டு. கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. கேமரா மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

இப்போது லூக்கா 24ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் நடுவே வந்து நின்றபோது சீஷர்கள் ஓர் ஆவியைக் கண்டதாக எண்ணிக் கலங்கினார்கள். முன்னொரு முறை, நாலாம் ஜாமத்தில் அவர் கடல்மேல் நடந்து வந்தபோதும் அப்படித்தான். நம் பழைய வேதாகமத்தில் அங்கே 'ஆவேசம்' என்ற சொல்லே நிற்கிறது. பயந்தவர்களை அவர் ஏளனம் செய்யவில்லை. நம்புங்கள் என்று அதட்டவும் இல்லை. கைகால்களைக் காட்டினார், தொட்டுப் பார்க்கச் சொன்னார், தின்பதற்கு ஏதாவது உண்டா என்று கேட்டு, பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண்முன் புசித்தார். சோதித்துப் பார்க்க அவர் தம்மையே கொடுத்தார். சுவிசேஷத்திற்குக் காணொளி கிடையாது; ஆனால் கேள்வி கேட்கத்தக்க ஆட்கள் இருந்தார்கள். உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறுக்கும் அதிகமானோர் ஒரே வேளையில் கண்டதைக் கொரிந்தியருக்கு எழுதுகையில், அவர்களில் அநேகர் இன்னும் இருக்கிறார்கள் என்று பவுல் சேர்த்து எழுதுகிறார். வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்பதுதானே அதன் பொருள்?

இதைத் திரைப்படத்தோடு விட்டுவிட எனக்கு மனமில்லை, பிரியமானவர்களே. ஜவ்வாது மலை நமக்குத் தூரதேசமன்று. ஆரணி, போளூர் என்று போனால் மலையடிவாரம் வந்துவிடும். அந்தப் போளூருக்கு அருகே அத்திமூர்ப் பகுதியில் 2018 மே மாதம் நடந்ததை உங்களில் சிலர் மறந்திருக்கமாட்டீர்கள். சென்னையிலிருந்து ஒரு மூதாட்டி உறவினரோடு காரில் குலதெய்வக் கோயிலுக்கு வந்தார். வழி விசாரிக்க நிறுத்திய இடத்தில் பிள்ளைகளைக் கண்டு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் கூடிவிட்டது. அவரை அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்கள் பலத்த காயமடைந்தார்கள். அடித்தவர்கள் பிறவியிலே கொடியவர்களா? வாட்ஸ்அப்பில் வாரக்கணக்காய் வந்த செய்திகளாலும் காணொளிகளாலும் அஞ்சிக் கிடந்த தகப்பன்மார், அண்ணன்மார் அவர்கள்.

அந்த ஆண்டு நம் நாட்டில் சுற்றிய காணொளிகளுள் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகளைப் பத்திரமாய்ப் பார்த்துக்கொள்ளும்படி பெற்றோருக்கு உணர்த்த எடுத்த விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அறிவுரை எழுதிய அட்டையைக் காட்டுவதோடு அது முடிகிறது. அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். ஆடுகிற படம், தெளிவில்லாத முகங்கள், எடுத்தவர் யாரென்று தெரியாத பதிவு. பிளேர் விட்ச் படத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே விளக்கைப் போட்டதும் கதை முடிந்தது.

உபாகமம் 17ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. குற்றம் காதில் விழுந்ததும் நன்றாய் விசாரிக்கவேண்டும். ஒரே சாட்சியின் வாக்கினால் ஒருவனும் சாகக்கூடாது. அதற்கும் மேலே, சாட்சி சொன்னவனுடைய கையே முதலாவது ஓங்கவேண்டும். வேதபாடசாலையில் படித்த நாளில் இதைக் கடுமையான சட்டமென்றே எண்ணினேன். இப்போது இதன் இரக்கம் புரிகிறது. "நான் கண்டேன்" என்று சொன்னவன் கூட்டத்திற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. முன்னால் வந்து, தான் குற்றஞ்சாட்டின மனிதனின் முகத்தைப் பார்க்கவேண்டும். அத்திமூருக்குப் பயத்தை அனுப்பிவைத்தவர்களில் எத்தனைபேர் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்திருப்பார்கள்?

பேய்ப்படம் பார்க்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு என் கருத்து: சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம், பெரியவர்கள், தூக்கத்தைக் கெடுக்கிறதென்றால் விட்டுவிடுங்கள். அதைவிட அதிகமாய் இதைக்குறித்து நான் கவலைப்படவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் வந்து விழும் காணொளியைக் குறித்தே அதிகம் கவலைப்படுகிறேன். அடுத்த வாலிபர் கூடுகையில் லூக்கா 24ஐயும் உபாகமம் 17ஐயும் சேர்த்துத் தியானிக்கப்போகிறோம். கைப்பேசியைக் கொண்டுவாருங்கள், உங்களுக்கு வந்த ஒரு காணொளியை எடுத்து, அது எங்கே, யார் எடுத்தது என்று எல்லோருமாய்த் தேடிப்பார்ப்போம்.

இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் அந்தத் தாயாரின் வீட்டாரையும், அன்று கைதானவர்களின் வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.