‘பீப்’ சத்தம் வரவில்லை!

கடையில் பில் போடும் இடத்தில் ‘பீப்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அதை யாரும் கவனிப்பதில்லை. அது வராதபோதுதான் வரிசையில் நிற்பவர்கள் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள்.

புதுச்சேரி சாரத்தில், காமராஜர் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் உள்ள ரெடிமேட் கடையில் அந்தச் சத்தம் இரண்டு வாரம் வரவில்லை. தீபாவளிச் சரக்கு இறங்கியிருந்த நேரம். பில் போடும் பெண் ஸ்டிக்கரில் உள்ள ஆறு இலக்க எண்ணைக் கையால் தட்டினார். கூட்டத்தில் இரண்டு முறை எண் மாறி, நைட்டி விலைக்குச் சுடிதார் போய்விட்டது. சம்பளத்தில் 340 ரூபாய் பிடித்துக்கொண்டார் முதலாளி.

“இன்னாம்மா, மிஷினைக்கூட நேரா பிடிக்கத் தெரியலையா?”

“நேராத்தாண்ணே பிடிக்கிறேன். ஸ்டிக்கர்லதான் ஏதோ கோளாறு.”

சாஃப்ட்வேர்காரருக்குப் போன் போட்டால் பிரின்டரைப் பாருங்கள் என்றார். பிரின்டர் மெக்கானிக், சாஃப்ட்வேரைப் பாருங்கள் என்றார். நாடு முழுக்க இது ஒன்றுதான் மாறாமல் இருக்கிறது!

அந்தப் பெண் செய்த முதல் காரியம் எளிமையானது. டீயோடு வந்த பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேனரிடம் காட்டினார். ‘பீப்!’ அப்படியென்றால் ஸ்கேனர் மேல் தப்பில்லை, தன் கை மேலும் தப்பில்லை. (அந்த பாக்கெட்டில் எண் 890 என்று தொடங்கும். ‘இந்தியாவில் தயாரானது’ என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார்களே, அது சரியல்ல. அந்த எண்ணை இந்தியாவில் பதிவு செய்து வாங்கினார்கள் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம்.)

ஸ்டிக்கர் அடிக்கத் தனியே தெர்மல் பிரின்டர் உண்டு. “ஆபீஸ்ல லேசர் பிரின்டர் சும்மாதானே கிடக்குது” என்று அதிலேயே, ஏ4 தாளுக்கு 65 ஸ்டிக்கர் வீதம் அடித்திருந்தார்கள். லேசரில் அடிக்கவே கூடாது என்றில்லை. ஆனால் அதற்குச் சில கிராக்கிகள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை, லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். உள் அறை கம்ப்யூட்டரிலிருந்து அடித்தால் கோடுகளுக்குப் பதில் வெறும் எண்களே வந்தன. அந்த சாஃப்ட்வேரில் பார்கோடு என்பது ஒரு ஃபான்ட், அவ்வளவுதான். நாம் தமிழ் ஃபான்ட் போடுகிற மாதிரி அதையும் அந்த கம்ப்யூட்டரில் போட வேண்டும். போட்டதும் கோடுகள் வந்தன. ‘பீப்’ வரவில்லை.

அது ‘கோடு 39’ வகை. எண்ணுக்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி வேண்டும். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று ஸ்கேனருக்குச் சொல்வது அதுதான். அதைச் சேர்த்த பிறகு பத்தில் நாலு ஸ்டிக்கர் படித்தது. இப்படி அரைகுறையாக வேலை செய்வதுதான் ஆளைக் குழப்பும்.

“அக்கா, இங்க பாரேன்” என்று தம்பி காட்டியது பிரின்ட் கொடுக்கும் கட்டத்தில் இருந்த ஒரு டிக். பக்கத்துக்குப் பொருந்தும்படி சுருக்கு என்பது அதன் பொருள். கடிதத்துக்கு அது நல்லது, பார்கோடுக்கு விஷம். லேசர் பிரின்டர் ஓர் அங்குலத்தில் 600 புள்ளி வைக்கிறது. மெல்லிய கோடு ஒன்றுக்கு 5 புள்ளி என்று வையுங்கள். 96 சதவீதமாகச் சுருக்கினால் 4.8 புள்ளி. முக்கால் புள்ளியை எந்த பிரின்டரும் வைக்காது. அதனால் ஒரு கோடு 5, அடுத்த கோடு 4 என்று விழும். எது மெல்லியது, எது தடித்தது என்பதை வைத்துத்தான் ஸ்கேனர் எழுத்தையே கண்டுபிடிக்கிறது.

அளவை 100 சதவீதமாக்கினார்கள். டோனர் மிச்சப்படுத்தும் வசதியையும் நிறுத்தினார்கள், அதனால்தான் கோடுகளின் ஓரம் பிசிறடித்திருந்தது. கோடுகள் ஸ்டிக்கரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் மெல்லிய கோட்டைப்போல் பத்து மடங்கு, அதாவது இங்கே 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக, வெற்றிடம் விட்டார்கள். ‘பீப்!’

1940-களின் கடைசியில் மியாமி கடற்கரை மணலில் விரல்களை இழுத்துக் கோடு போட்டபோதுதான் நார்மன் ஜோசப் உட்லண்டுக்கு இந்த யோசனையே பிறந்ததாம். மணல் கோடு கடை கல்லாவுக்கு வரக் கால் நூற்றாண்டு ஆனது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோவின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்தான் இன்றைய பார்கோடால் முதலில் பில் ஆனது.

இன்னொரு விஷயம். லேசரில் அடிக்க லேசர் என்று போட்ட ஸ்டிக்கர் தாளையே வாங்க வேண்டும். உள்ளே சுமார் 200 டிகிரி சூடு; மற்ற தாளின் பசை உருகும். பாதி ஸ்டிக்கர் உரித்த தாளைத் திரும்பவும் நுழைத்தால் மீதி ஸ்டிக்கர் உருளையில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மெக்கானிக் செலவு.

திங்கட்கிழமை காலை முதலாளியே ஸ்கேனரை வாங்கிப் பத்து ஸ்டிக்கரைப் படித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மதியம் கல்லாவிலிருந்து 340 ரூபாயை எடுத்து பில் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பழைய ஸ்டிக்கர் ஒட்டிய 900 உருப்படி இன்னும் அலமாரியில் இருந்தது. அதன் மேலேயே புதியதை ஒட்ட அவர் அம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டார்.