பதினெட்டு வயதுக்குப் பிறகு...?

 

காலையில் கல்லூரிப் பேருந்து எங்கள் தெருமுனைக்கு வரும் வேளையில், என் மகனும் தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். தங்கை ஏறிச் சென்றுவிடுவாள். பேருந்து மறையும்வரை பார்த்துவிட்டு அவன் உள்ளே திரும்புவான். வயது இருபது, அறிவு வளர்ச்சியோ சிறு பிள்ளையின் அளவே. அவன் படித்த சிறப்புப் பள்ளியில், பதினெட்டு நிறைந்ததும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டனர்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை அளிக்கிறது. அதன்பின் எங்கே செல்வது? விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் படிப்பு ஏறாத இளைஞர்களைப் பட்டாசுத் தொழில் ஏற்றுக்கொள்ளும். ஆனால், உராய்வின் ஆபத்தை உணராத பிள்ளையை மருந்தின் அருகே எந்தத் தாய் அனுப்புவாள்?

இத்தகைய பிள்ளைகள் கற்பது மெதுவாக. ஆனால் அது நிற்பதில்லை. கடைக்குப் போய் வர அவனுக்குக் கற்பித்தேன். உப்புக்குப் பதில் சர்க்கரை வாங்கி வந்த நாட்கள் பல. ஆறு மாதங்களுக்குப் பின், சரியான பொருளோடு மீதிச் சில்லறையையும் என் கையில் வைத்தான். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது!

அமெரிக்காவில் 2008-இல் இயற்றப்பட்ட சட்டம், இத்தகைய இளைஞர்கள் கல்லூரிகளில் தமக்கென அமைந்த பயிற்சிகளில் சேர்ந்து, அரசு உதவித்தொகையும் பெற வழிசெய்தது. பட்டம் அல்ல அங்கு நோக்கம்; பணம் கையாளுதல், தனியே பயணம் செய்தல், ஒரு தொழில், சம வயதினரின் தோழமை ஆகியவையே. நம் மாநிலத்தில் முட்டுக்காட்டில் 2005 முதல் தேசிய நிறுவனம் ஒன்று இயங்குகிறது. ஆனால் அன்றாடம் சென்று திரும்ப நமக்கு அது தொலைவு.

பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய ஊர் விருதுநகர். நம் ஜமாஅத்துகள் மத்ரஸாவில் ஓர் அறையையும், நம் கல்லூரி மாணவர்கள் வாரத்தில் சில மணி நேரத்தையும் அளித்தால், இங்கும் ஒரு தொடக்கம் உண்டாகாதா?

பெற்றோருக்கு இன்னொரு செய்தி. பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்தபின் சட்டத்தின் பார்வையில் நாம் தாமாகவே பாதுகாவலர் அல்லர். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து அந்தப் பொறுப்பைப் பெறவேண்டும். நமக்குப்பின் யார் என்பதையும் இன்றே சிந்தியுங்கள்.

அறிவில் பலவீனமானோரின் பொருளைப் பாதுகாத்து, அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, கனிவாகப் பேசுமாறு சூரா அந்நிஸாவின் ஐந்தாம் வசனம் பணிக்கிறது. இவர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

நாளைக் காலையும் என் மகன் பையோடு வாசலில் நிற்பான். அவனுக்கென ஒரு வகுப்பறை ஒருநாள் திறக்கும், இன்ஷா அல்லாஹ். உங்கள் துஆவோடு உங்கள் கரங்களையும் வேண்டுகிறேன்.