கல்பாசியும் கடல்பசுவும்

மளிகைக் கடையில் கல்பாசி கேட்டேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளை வெளேரென்று கடல்பாசி. நோன்பு மாதத்தில் பாலோடு காய்ச்சி ஊற்றித் துண்டு போடுவார்களே, அது. அன்றைக்குக் கோழிக் குழம்பு கல்பாசி இல்லாமலே கொதித்தது. எனக்கோ அந்தப் பெயர் குடைய ஆரம்பித்தது. கடலில் இருப்பதும் பாசி, கல்லில் இருப்பதும் பாசியா?

மறுநாள் சரியானதை வாங்கி, ஒரு துணுக்கைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். மேலே சாம்பல், அடியில் கரி. ஓரமெல்லாம் பொரித்த அப்பளம்போலச் சுருட்டல். ஒரு முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது மரப்பட்டை! பேரில்தான் கல், மலைக்காட்டு மரங்களிலும் தாராளமாகப் படர்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சாம்பலுக்குள்ளிருந்து மெல்லப் பச்சை எட்டிப் பார்த்தது. அந்தப் பச்சை மட்டும்தான் பாசி. மிச்சமெல்லாம் பூஞ்சை.

கல்பாசி ஒரு லைக்கன். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்று 1867இல் சொன்னவர் சுவிட்சர்லாந்துக்காரரான சைமன் ஷ்வெண்டனர். லைக்கன் நிபுணர்கள் பலர் கொதித்துப்போனார்கள். ஆயுள் முழுக்க ஆராய்ந்த செடி, செடியே இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? பாசி வெயிலை வைத்துச் சமைக்கிறது, பூஞ்சை வீடு கட்டித் தருகிறது. ஆனால் கல்பாசியின் பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்ற அறிவியல் பெயர் பூஞ்சைக்கு மட்டுமே உரியது. தமிழோ பாசிக்குப் பட்டா எழுதிவிட்டது.

கல்பாசியின் பேரில் பாசி பொய் என்றால், கடல்பசுவின் பேரில் பசுவும் பொய்யோ? மல்லிப்பட்டினம் கிளம்பினேன். அந்தப் பக்கத்துக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடல்பசுக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம், "கடல்பசு பாத்திருக்கீங்களாய்யா?" என்றேன்.

"ஆவுளியாவா? அது மேஞ்ச எடத்த மொதல்ல பாக்கணும் தம்பி. வாய்க்கா வெட்டுன மாதிரி தடம் கெடக்கும்."

"பசு மாதிரியேவா?"

"மேயுது, குட்டிக்குப் பால் குடுக்குது. காம்பு மட்டும் கக்கத்துல இருக்கும்."

அந்தக் கக்கம்தான் துப்பு. பசுவுக்கு மடி பின்னங்கால்களுக்கு இடையில். முன்னங்கால் பக்கம் காம்புள்ள பெரிய பிராணி யானை. உயிரோடு இருப்பவற்றில் கடல்பசுவுக்கு மிக நெருங்கிய சொந்தங்களில் யானையும் ஒன்று. ஆண் கடல்பசுவுக்கு வெட்டுப்பல் தந்தமாக நீள்வதும் யானையைப் போலத்தான். இன்னும் பின்னால் போனால் வேடிக்கை: பூஞ்சைகள் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கியவை. என் வாணலியில் பொரிவது ஆவுளியாவுக்கு ஏதோ ஒரு தலைமுறையில் பங்காளி.

இதையெல்லாம் யோசித்தபடியே, "பாசியத்தானே மேயுது?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

பெரியவர் ஊசியை நிறுத்தினார். "பாசி இல்ல, புல்லு. இழுத்துப் பாரு, வேரு வரும்."